கடைசி அரை அங்குலம்

பழைய காருக்கு இன்ஜின் மாட்டுகிறார்கள் என்று தெரிந்தால் பட்டறை வாசலில் நாலு பேர் கூடிவிடுவார்கள். எல்லாரும் காத்திருப்பது சாவியைத் திருகும் நேரத்துக்கு. நான் பார்க்கப் போகிற காரியம் அதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னாலேயே முடிந்துவிடும். கியர் பாக்ஸ் மெல்ல நகர்ந்து இன்ஜினை நெருங்கி வரும். நடுவில் அரை அங்குலம் மிச்சம் இருக்கும்போது நின்றுவிடும். எத்தனை தேர்ந்த கை என்றாலும் ஒருமுறையாவது அங்கே நிற்கும். அந்த அரை அங்குலத்தை ஒருவர் எப்படிக் கடக்கிறார் என்பதில் அவர் தொழில் மொத்தமும் தெரிந்துவிடும். நாற்பது வருஷமாக இதை வேடிக்கை பார்க்கிறேன், இன்னும் அலுக்கவில்லை.

இந்தத் தடவை பார்க்கக் கிடைத்தது சங்கரன்கோவிலில், கழுகுமலை போகும் சாலைப் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில். தகரக் கூரை. முன்னால் ஒரு வேப்பமரம். பின் தெருவிலிருந்து நாளெல்லாம் விசைத்தறி ஓடும் சடக் சடக். வண்டி புளியங்குடியில் எலுமிச்சை வியாபாரம் செய்த ஒரு குடும்பத்துடையது. தாத்தா வாங்கினது, அப்பா ஓட்டினது, பேரன் விற்க மனசில்லாமல் தொழுவத்தில் நிறுத்தி வைத்திருந்தது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 3, நாலு கதவு.

ஹெரால்டைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. லைசென்ஸ் காலத்தில் கார் வாங்க நினைத்தவருக்கு நாட்டில் மூன்றே வாசல்தான். கல்கத்தாவுக்குப் பக்கத்து உத்தர்பாராவிலிருந்து அம்பாசிடர், பம்பாயிலிருந்து பியட், மெட்ராஸிலிருந்து ஹெரால்டு. மூன்றாவது நம் மண்ணில் கட்டின வண்டி. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு-டிரையம்ப் கம்பெனி 1959ல் டிரையம்ப் ஹெரால்டு என்று வெளியிட்ட காரை, வண்டலூரில் ஆலை வைத்திருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1961 முதல் இங்கே கட்டியது. உருவம் வரைந்தவர் இத்தாலிக்காரரான ஜியோவான்னி மிக்கெலாட்டி. சீமையில் ஹெரால்டு கடைசிவரை இரண்டு கதவோடுதான் ஓடியது. நாலு கதவு ஹெரால்டு மெட்ராஸில் மட்டும் பிறந்தது. பின்சீட்டில் பாட்டியும் அத்தையும் குழந்தைகளுமாக ஏறி இறங்குகிற நம் வீடுகளுக்கு அந்த இரண்டு கதவு எத்தனை உபயோகம் என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் காரின் கட்டுமானத்துக்குப் பின்னால் ஒரு நெருக்கடி உண்டு. ஸ்டாண்டர்டு-டிரையம்புக்கு பாடி அடித்துக் கொடுத்துவந்த பிஷர் அண்ட் லட்லோ கம்பெனியைப் போட்டிக்காரர்களான பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் வாங்கிவிட்டது. முழு பாடியை ஒரே துண்டாக அடித்துக் கொடுக்க ஆளில்லை. அதனால் கீழே தனியாக ஒரு சேஸிஸ், அதன் மேல் துண்டு துண்டாகச் செய்த பாடியை போல்ட் போட்டு இணைத்துக்கொள்வது என்று முடிவு செய்தார்கள். மற்ற கம்பெனிகள் சேஸிஸையே ஒழித்துக்கொண்டிருந்த காலத்தில் இது பின்னோக்கிப் போவதுபோலத் தெரிந்திருக்கும். மெக்கானிக்குகளுக்கு அதுவே வரமாக அமைந்தது. ஹெரால்டில் எதையும் அறுக்காமல், எதையும் வெல்டு உடைக்காமல், ஸ்பேனர் ஒன்றால் முழு வண்டியையும் பிரித்துக் காயப்போட்டுவிடலாம்.

பானெட் இருக்கிறதே, அது தனி அழகு. மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்த முன்பக்கம் முழுவதும் ஒரே மூடியாக முன்னால் சாய்ந்துவிடும். திறந்தால் சக்கரங்கள், ஸ்டீயரிங் கம்பிகள், இன்ஜின் எல்லாம் வெட்டவெளியில் நிற்கும். மெக்கானிக் முன்டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு கார்புரேட்டரை டியூன் பண்ணலாம். அம்பாசிடரில் மட்கார்டு மேல் வயிற்றை வைத்து மடிந்து கிடந்தவர்களைக் கேட்டால் இந்த உட்காரும் சுகத்தின் அருமை சொல்வார்கள்.

இன்ஜின் சின்னதுதான், 948 சிசி. நாலு சிலிண்டர், துளை 63 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 76 மில்லிமீட்டர். வார்ப்பிரும்பு பிளாக். இந்த வண்டியின் பிளாக்கை ராஜபாளையத்தில் ஒரு லேத் பட்டறையில் இருபது தௌ போரிங் செய்து வாங்கியிருந்தார்கள். தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மெட்ரிக் வந்து எத்தனை காலமானாலும் பட்டறை நாக்கில் தௌ போகாது. கிராங்கையும் கிரைண்ட் பண்ணியாகிவிட்டது. இன்ஜின் ஒரு பழைய லாரி டயர் மேல், கல்யாணத்துக்குக் காத்திருக்கும் மாப்பிள்ளைபோலத் துடைத்து வைத்திருந்தது.

இதே வண்டிக்குக் கொஞ்ச காலம் முன்பு வேறொரு ஊர்ப் பட்டறையில் இன்ஜின் மாட்டியிருக்கிறார்கள். அந்த வேலையால்தான் வண்டி தொழுவத்துக்குப் போனது. ரிவர்ஸ் போட்டால் கரகரவென்று பல் நறநறக்கும் சத்தம். முதல் கியரும் அப்படியே. கிளட்ச்சை எத்தனை அழுத்தினாலும் கியர் பாக்ஸ் இன்ஜினை முழுக்க விடவில்லை. இப்போது பிரித்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. கிளட்ச் பிளேட்டின் நடு மையம் லேசாக ஒருபக்கம் மடங்கியிருந்தது. கிராங்கின் முனையில் இருக்கும் பைலட் புஷ் ஒரு பக்கமாக நசுங்கியிருந்தது. பெல் ஹவுசிங்கின் ஒரு காதில் மயிரிழை விரிசல். இந்தப் பட்டறையின் மேஸ்திரி அதை விரல் நகத்தால் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் காட்டினார்.

"கடைசியில போல்ட்டப் போட்டு இழுத்திருக்கானுவ, அண்ணாச்சி. உள்ள போவமாட்டேன்னு சொன்னத கேக்கல."

ஒரு வேலையில் என்ன தப்பு நடந்தது என்பதை இரும்பைப் பார்த்தே இவர் வாசித்துவிட்டார். இந்த வாசிப்பு எனக்குக் கல்வெட்டு படிக்கிறவர்களை நினைவுபடுத்தியது.

இன்ஜின், கியர் பாக்ஸ் மாட்டும் வேலை பார்ப்பதற்குப் பளு தூக்கும் வேலைபோல இருக்கும். உண்மையில் அது மூன்று பொருள்களை ஒரே நேர்கோட்டில் நிறுத்தும் வேலை. கிராங்கின் வால்முனை, கிளட்ச் பிளேட்டின் நடு ஓட்டை, கியர் பாக்ஸின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இன்புட் ஷாஃப்ட். இன்புட் ஷாஃப்ட் முதலில் பிரஷர் பிளேட்டின் நடு ஓட்டையைத் தாண்ட வேண்டும். பிறகு அதன் உடம்பில் உள்ள நீள்வரிப் பற்கள், ஸ்பிளைன் என்பார்கள், கிளட்ச் பிளேட்டின் நடுவில் உள்ள அதே மாதிரிப் பற்களோடு பொருந்த வேண்டும். கடைசியாக அதன் மெலிந்த மூக்கு கிராங்கின் முனையில் உள்ள பைலட் புஷ்ஷுக்குள் நுழைய வேண்டும். அந்த மூக்கு நுழைகிற இடம்தான் நான் சொல்லும் கடைசி அரை அங்குலம். அங்கே எந்தக் கண்ணும் எட்டாது. கை சொல்கிறதை நம்பித்தான் போக வேண்டும்.

ஆகவே நல்ல மெக்கானிக் அந்த அரை அங்குலத்துக்கான வேலையை இன்ஜினைத் தூக்குவதற்கு முந்தின நாளே தொடங்கிவிடுகிறார். அன்று நான் பார்த்த இரண்டு சின்ன வித்தைகளைச் சொல்கிறேன்.

முதலாவது, நசுங்கின பழைய புஷ்ஷை வெளியே எடுப்பது. அது கிராங்கின் குருட்டு ஓட்டைக்குள் இறுகப் பதிந்திருக்கிறது. பின்னாலிருந்து தட்ட வழியில்லை. உளியை வைத்துப் பெயர்த்தால் கிராங்க் பாழாகும். மேஸ்திரி கட்டைவிரலால் கிரீஸை எடுத்து, பணியாரச் சட்டியில் மாவு ஊற்றும் பதத்தில் அந்த ஓட்டை நிறைய அடைத்தார். பிறகு புஷ்ஷின் உட்புறத்துக்குச் சரியாகப் பொருந்தும் ஒரு இரும்புக் கம்பியை வைத்து சுத்தியலால் ஒரு தட்டு. கிரீஸுக்குப் போக இடமில்லை. அடைபட்ட கிரீஸ் புஷ்ஷின் முதுகில் போய் முட்டி அதை வெளியே தள்ளுகிறது. கிரீஸ் குறையக் குறைய இன்னும் கொஞ்சம் அடைப்பது, இன்னொரு தட்டு. நாலைந்து தட்டில் புஷ் தானாக வெளியே தலை நீட்டியது. பள்ளிக்கூடத்தில் பாஸ்கல் விதி என்று மனப்பாடம் செய்தது எனக்கு அன்றைக்குத்தான் கண்ணுக்குத் தெரிந்தது. மேஸ்திரி அந்தப் பெயரைச் சொல்லவில்லை. "அது போக்குக்கு எடம் குடுக்காம அடைச்சாப் போதும், அதுவே தள்ளிரும்" என்றார்.

இரண்டாவது, புதுப் புஷ்ஷுக்கு எண்ணெய் குடிக்கக் கொடுப்பது. இந்த வகைப் புஷ் வெண்கலப் பொடியை அழுத்திச் சுட்டுச் செய்தது. கண்ணுக்குத் தெரியாத துளைகள் அதன் உடம்பெல்லாம் உண்டு. ஒரு தடவை எண்ணெய் குடித்துவிட்டால் ஆயுசுக்கும் தானே கசியவிட்டு மூக்கை நனைத்துக்கொண்டிருக்கும். மேஸ்திரி அதைச் சும்மா எண்ணெயில் போட்டு வைக்கவில்லை. ஆள்காட்டி விரலால் ஒரு வாயை அடைத்து, உள்ளே எண்ணெய் விட்டு, மேல் வாயைக் கட்டைவிரலால் அடைத்து அழுத்தினார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. அரை நிமிஷத்தில் புஷ்ஷின் வெளிச்சுவரில் வியர்வைபோல முத்து முத்தாக எண்ணெய் பூத்தது. வெயிலில் திருப்பி ஒருமுறை பார்த்துக்கொண்டார். அப்புறம்தான் அதைக் கிராங்கில் வைத்து மரக்கட்டை கொடுத்துத் தட்டினார். எங்கோ இரும்புக்குள் ஒளிந்துகொள்ளப்போகிற, யாரும் இனி பார்க்கப்போகாத ஒரு சின்னப் புஷ்ஷுக்கு இத்தனை உபசாரம்.

கிளட்ச் பிளேட்டை நடுவில் நிறுத்துவதற்கு அவரிடம் ஒரு டம்மி ஷாஃப்ட் உண்டு. பழைய கியர் பாக்ஸ் ஒன்றின் இன்புட் ஷாஃப்ட்டை அறுத்து எடுத்தது, பிடிக்கிற இடம் கை பட்டுப் பட்டுப் பளபளவென்று இருக்கும். அதைப் பிளேட்டில் நுழைத்து மூக்கைப் புஷ்ஷில் வைத்துவிட்டு, பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகளை எதிரும் புதிருமாக, அரைத் திருப்பு அரைத் திருப்பாக இறுக்கினார். ஒரு பக்கமே இறுக்கிக்கொண்டு போனால் பிளேட் கோணிக்கொள்ளும். எல்லாம் இறுகின பிறகு டம்மியை உருவினார். எந்தப் பிடிப்பும் இல்லாமல், உறையிலிருந்து கத்தி வருவதுபோல வந்தது. மறுபடி விட்டார், மறுபடி உருவினார். மூன்று தடவை.

இதற்கிடையில் ஒரு சொந்த அபிப்பிராயம். ஹெரால்டு வைத்திருக்கும் சிலர் பழைய இன்ஜினைக் கழற்றிப்போட்டுவிட்டு மாருதி இன்ஜினும் ஐந்து கியர் பாக்ஸும் மாட்டிக்கொள்கிறார்கள். உதிரி பாகம் கிடைக்காத கஷ்டம் எனக்கும் தெரியும். வண்டி ஓடாமல் துருப்பிடிப்பதைவிட அது தேவலை என்று சொல்வார்கள். ஆனாலும் அதற்காக சேஸிஸை அறுப்பதைப் பார்க்க என் மனசு ஒப்பவில்லை. இப்போது சட்டமும் என் பக்கம்தான் நிற்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவாகி 50 வருஷம் தாண்டிய சொந்த உபயோக வண்டிகளை விண்டேஜ் வாகனமாகப் பதிந்துகொள்ளலாம். நம்பர் பிளேட்டில் விஏ என்ற எழுத்து வரும், பதிவு 10 வருஷத்துக்குச் செல்லும். ஒரு நிபந்தனை: சேஸிஸ், பாடி, இன்ஜின் எதிலும் பெரிய மாறுதல் கூடாது, பிறந்த கோலத்திலேயே இருக்க வேண்டும். புளியங்குடிப் பேரன் அந்தப் பதிவுக்குத்தான் ஆசைப்படுகிறார். பிளாக்கில் பொறித்த எண்ணைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்து ஆர்சி புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை இன்ஜினை இறக்கினார்கள். பானெட்டை நாலு போல்ட் கழற்றி இரண்டு பேர் தூக்கி வேப்பமரத்தில் சாய்த்தாயிற்று. தூக்குவதற்கு வந்தது போர் மோட்டார் தூக்குகிறவர்களின் முக்காலி. மூன்று இரும்புக் குழாய், உச்சியில் ஒரு கொண்டி, அதில் செயின் பிளாக். கிணறு வற்றிப் போர்வெல் ஆழமாகிக்கொண்டே போகிற இந்த வறண்ட சீமையில் அந்த முக்காலி இல்லாத ஊரே கிடையாது. தண்ணீரைத் தேடிப் பூமிக்குள் மோட்டார் இறக்குகிற அதே சாமானில் காருக்குள் இன்ஜின் இறங்குகிறது.

அம்பாசிடராக இருந்தால் வேறு கதை. 1489 சிசி இன்ஜினும் கியர் பாக்ஸும் ஒன்றாகச் சேர்ந்து நீளமான ஒரே உடம்பாக, தலை உயர்ந்து வால் தாழ்ந்து, கோயில் சப்பரம் தெரு முக்கு திரும்புகிற மாதிரிச் சாய்த்துச் சாய்த்து உள்ளே போகும். அது கூட்டத்தோடு சேர்ந்து சத்தம் போட்டுச் செய்கிற வேலை. ஹெரால்டில் இன்ஜின் மட்டும் முன்னாலிருந்து நேராக இறங்கும். கியர் பாக்ஸ் வண்டிக்குள்ளிருந்து, டிரைவர் உட்காரும் இடத்திலிருந்து வந்து சேரும். ஒன்று வானத்திலிருந்து வருகிறது, இன்னொன்று வீட்டுக்குள்ளிருந்து.

"பைய எறக்குலே... பைய... நிப்பாட்டு."

செயினைப் பிடித்திருந்தது மேஸ்திரியின் அக்காள் மகன். ஒவ்வொரு கண்ணியாக விட்டான். மேஸ்திரி இன்ஜினின் கழுத்தில் ஒரு கையும் வாலில் ஒரு கையுமாக, குழந்தையைத் தொட்டிலில் போடுகிறவரைப் போலக் கூடவே குனிந்துகொண்டே போனார். முன்பக்க மவுண்டிங் ரப்பர் இரண்டிலும் இன்ஜின் உட்கார்ந்தது. பின்பக்கத்துக்கு இன்னும் ஆதாரம் கிடையாது. ஹெரால்டு இன்ஜினின் பின்பாரத்தைத் தாங்குவது கியர் பாக்ஸின் மவுண்டிங்தான், அது இன்னும் வரவில்லையே. அதுவரைக்கும் ஆயில் சம்ப்புக்கு அடியில் ஒரு பலகை, பலகைக்கு அடியில் ஒரு ஜாக்கி. இந்த ஜாக்கியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், வேலை இருக்கிறது.

முன் சீட் இரண்டையும் கழற்றி வெளியே வைத்திருந்தார்கள். நடுவில் கியர் பாக்ஸை மூடியிருக்கும் அட்டை மூடியும் வெளியே. மேஸ்திரி தரையில் கோணிச் சாக்கை விரித்து, கால் இரண்டையும் அகட்டி உட்கார்ந்தார். அக்காள் மகன் கியர் பாக்ஸைத் தூக்கி அவர் மடியில் வைத்தான். பிறகு நடந்தது ஒரு மனிதனும் ஒரு இரும்புப் பெட்டியும் மடியோடு மடியாகச் செய்த காரியம்.

கியர் பாக்ஸை முதலிலேயே டாப் கியரில் போட்டு வைத்திருந்தார். இதில் ஒரு நுட்பம் உண்டு. டாப் கியரில் இன்புட் ஷாஃப்ட்டும் வெளியே போகும் ஷாஃப்ட்டும் நேரடியாகக் கோத்துக்கொண்டு ஒரே ஷாஃப்ட்போலச் சுற்றும். ஆகவே பின்னால் இருக்கும் வட்டத் தகட்டைக் கையால் இம்மி திருப்பினால் முன்னால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், மூக்கும் அதே இம்மி திரும்பும். நியூட்ரலில் இருந்தால் பின்னால் எத்தனை திருப்பினாலும் முன்னால் சேதி போகாது.

பெட்டியை முன்னால் தள்ளினார். ஸ்பிளைன் பிளேட்டைத் தொட்டு நின்றது. பின்தகட்டை இம்மி திருப்பினார். டொக். பற்கள் பற்களுக்குள் விழுந்த சத்தம், விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவிலும் தெளிவாகக் கேட்டது. பெட்டி சர்ரென்று முன்னேறியது. ஒரு சாண் இருந்த இடைவெளி நாலு விரலாகி, இரண்டு விரலாகி, அரை அங்குலத்தில் நின்றது.

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

இந்த இடத்தில் பெட்டியின் பாரம் முழுவதும் மேஸ்திரியின் தொடையிலும் இடது முன்கையிலும் இருக்கிறது. கையைத் தளரவிட்டால் பாரம் இன்புட் ஷாஃப்ட் வழியாகக் கிளட்ச் பிளேட்டின் மேல் தொங்கும். முன்பு செய்தவர்கள் கெடுத்தது இந்தக் கட்டத்தில்தான். பையன் இரண்டு நீள போல்ட்டுகளை எடுத்து ஓட்டையில் வைக்கப் போனான்.

"மாமா, ரெண்டு போல்ட்டக் குடுத்து இழுத்திருவமா?"

"இழுக்கக் கூடாதுலே. அது வரும். எங்க தட்டுதுன்னு கேளு."

கேளு என்றார், பார் என்று சொல்லவில்லை. இரண்டு வாய்களும் சந்திக்கும் இடைவெளிக்குள் வலது கையின் சுண்டுவிரலை மேலே விட்டுப் பார்த்தார். நுழையவில்லை. கீழே விட்டார், தாராளமாக நுழைந்தது. மேலே குறுகியும் கீழே அகன்றும் இருந்தால் இன்ஜினின் வால் தாழ்ந்து கிடக்கிறது என்று அர்த்தம். இரண்டு பொருளும் நேர்கோட்டில் இல்லை, நடுவில் லேசாக முழங்கால்போல மடங்கியிருக்கின்றன.

"ஜாக்கிய கால் திருப்பு ஏத்து."

பையன் ஏற்றினான்.

"இன்னொரு பொட்டு... போதும்."

மறுபடி விரல். மேலும் கீழும் ஒரே அளவு. இப்போது அவர் பெட்டியைத் தள்ளவில்லை. உடம்போடு சேர்த்து அணைத்துக்கொண்டு, தாலாட்டுவதுபோல இடமும் வலமும் லேசாக அசைத்தார். கண் மூடியிருந்தது. அசைவு சிறுத்துக்கொண்டே வந்து, கடைசியில் வெளியே தெரியாத அளவுக்கு ஆனது. அப்போது பெட்டி போயிற்று. எந்தச் சத்தமும் இல்லை. நல்லெண்ணெய் தடவின விரலில் மோதிரம் ஏறுவதுபோல அந்த அரை அங்குலமும் வழுக்கிக்கொண்டு மறைந்தது. இரண்டு இரும்பு வாய்களும் ஒன்றையொன்று முழு வட்டமாகத் தொட்டுக்கொண்டன. மேஸ்திரி கண்ணைத் திறந்தார். மூக்கு நுனியில் தொங்கிக்கொண்டிருந்த வியர்வைச் சொட்டு அப்போதுதான் விழுந்தது.

தினத்தந்தித் தாளில் ஒரு விரற்கடை கிழித்து, மூட்டைச் சுற்றி நாலு இடத்தில் நுழைத்துப் பார்த்தார். எங்கும் நுழையவில்லை. அதற்கப்புறம்தான் போல்ட். நினைத்துப் பாருங்கள்: அத்தனை போல்ட்டுக்கும் இனி வேலை, ஏற்கெனவே சேர்ந்துவிட்டதைப் பிரியாமல் பிடித்துக்கொள்வது மட்டும்தான். சேர்க்கிற வேலை போல்ட்டுடையதே கிடையாது. இந்த ஒரு விஷயம் தெரிந்த மெக்கானிக்குக்கு என் வண்டியைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பேன்.

சாப்பாட்டு நேரத்தில் கோயில் பக்கம் நடந்தேன். நடை சாத்தியிருந்தது. ஆனாலும் சங்கரநாராயணர் திருவுரு எனக்கு மனப்பாடம். வலப்பாதி சிவன், இடப்பாதி பெருமாள். நாகர்களான சங்கனும் பதுமனும் சிவனா பெருமாளா, யார் பெரியவர் என்று சண்டை போட்டதும், கோமதி அம்மன் தவம் இருந்து அந்த ஒன்றான கோலத்தைக் கண்டதும் இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கதை. ஆடித்தபசுக்கு வருஷா வருஷம் ஜனம் திரள்வது அந்தக் காட்சிக்குத்தான். சின்ன வயசில் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. சடைமுடி முடிந்து கிரீடம் தொடங்கும் அந்தக் கோட்டை எப்படி இணைத்திருப்பார்கள் என்று அம்மாவின் இடுப்பில் உட்கார்ந்தபடி உற்று உற்றுப் பார்ப்பேன். மூட்டைப் பார்த்து ரசிக்கிற புத்தி அங்கே பிடித்ததுதான் என்று இப்போது தோன்றுகிறது.

மத்தியானத்துக்கு மேல் நடந்தவை சாதாரண வேலைகள். பின் மவுண்டிங்கைப் பூட்டி ஜாக்கியை எடுத்தார்கள். புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் நாலு போல்ட். ஸ்டார்ட்டர் மோட்டார், ரேடியேட்டர், ஹோஸ் பைப், சைலன்சர். கிளட்ச்சின் ஹைட்ராலிக் குழாயில் காற்றெடுக்க மட்டும் கொஞ்சம் பொறுமை வேண்டியிருந்தது. பையன் பெடலை மிதித்து மிதித்து விட, கீழே குழாயில் குமிழி வந்துகொண்டே இருந்து, கடைசியில் குமிழி இல்லாத எண்ணெய் வந்தது. ஸ்பார்க் பிளக் நாலையும் கழற்றிவிட்டு சும்மா இன்ஜினைச் சுற்றவிட்டார்கள், ஆயில் எல்லா மூலைக்கும் ஏறட்டும் என்று. ஆயில் பிரஷர் விளக்கு அணைகிறவரைக்கும் சுற்றிவிட்டுப் பிறகு பிளக்கைப் பூட்டினார்கள்.

சாயந்திரம் நாலரைக்குப் பேரன் சாவியைத் திருகினார். இரண்டு முறை இருமியது. மேஸ்திரி டயர் மேல் உட்கார்ந்தபடி டிஸ்ட்ரிபியூட்டரை ஒரு நூல் திருப்பினார். மூன்றாவது முறை பிடித்துக்கொண்டது. 948 சிசிக்கு உறுமல் எல்லாம் கிடையாது, தையல் மிஷின்போல ஒரு சீரான சத்தம். வாசலில் நின்றவர்கள் கை தட்டினார்கள். டீக்கடைக்காரர் கண்ணாடி டம்ளரோடு வந்து எட்டிப் பார்த்தார். பேரனுக்குக் கண் கலங்கியிருந்தது. தாத்தா காலத்துச் சத்தம் அல்லவா.

மேஸ்திரி மட்டும் இன்னும் சிரிக்கவில்லை. இன்ஜின் ஓடியது ராஜபாளையத்து லேத்காரரின் கைவேலை. அவருடைய வேலைக்கான பரீட்சை இனிமேல்தான். பேரனை இறங்கச் சொல்லிவிட்டு டிரைவர் சீட்டில் ஏறினார். ஹெரால்டில் முதல் கியருக்கும் ரிவர்ஸுக்கும் சிங்க்ரோ கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினிலிருந்து கியர் பாக்ஸ் முழுக்க விடுபட்டு நின்றால்தான் அந்தப் பற்கள் சத்தமில்லாமல் கோத்துக்கொள்ளும். புஷ் மூக்கைப் பிடித்து இழுத்தாலோ, பிளேட் இம்மி கோணியிருந்தாலோ, பழைய நறநறப்பு அப்படியே திரும்பி வரும். அந்த அரை அங்குலத்தின் சாட்சி ரிவர்ஸ் கியர்தான்.

கிளட்ச்சை அழுத்தினார். மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுகிற நேரம் பொறுத்தார். கியர் கம்பியை ரிவர்ஸுக்குக் கொண்டுபோனார். பையன் காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு நின்றான். நானும்தான்.

பின் தெருத் தறிச் சத்தம் மட்டும் கேட்டது. வண்டி பின்னால் நகர்ந்து, முக்காலியின் நிழலை விட்டு வெயிலுக்கு வந்தது. மேஸ்திரி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஏலே, அந்தப் பானெட்டைத் தூக்கிட்டு வா" என்றார்.